மகிழ மரத்துக்கு முதல் மூன்று கோடை

போன மாதம் கறிவேப்பிலைக் கன்று வாங்க ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போயிருந்தேன். கன்றுகளைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது, வந்த வேலையை விட்டுவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குப் பளபளவென்று இலை வைத்த கன்றுகள் இருபது முப்பது நின்றன. பக்கத்தில் ஒரு அட்டையில் 'இந்தியன் மெட்லர், வெளிநாட்டுப் பழ மரம், ஒன்று 250 ரூபாய்' என்று எழுதியிருந்தார்கள். இலையின் ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது. கீழே கிடந்த ஒரு கிளைத் துணுக்கை எடுத்துக் கிள்ளினேன், பால் கசிந்தது. அப்புறம் என்ன சந்தேகம், நம்ம மகிழ மரம்தான்.

"தம்பி, இது மகிழந்தானுங்களே?" என்று கேட்டேன். "அப்படியும் சொல்லுவாங்களாட்டம் இருக்குதுங்க்கா, எங்களுக்கு வர்றப்பவே அட்டையோட வந்துச்சுங்க" என்றான் அந்தப் பையன். அவன் மேல் தப்பு இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஊருக்கு ஊர் கோயில் பிராகாரத்தில் நின்ற மரத்தை இன்றைக்கு வெளிநாட்டு மரம் என்று சொன்னால்தான் வாங்குகிறார்கள் என்றால், அந்த மரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி வைப்பதுதான் சரி என்று தோன்றியது. எங்கள் வாசலில் ஒன்று பதிமூன்று வருசமாக நிற்கிறது. அதை விதையிலிருந்து வளர்த்ததால் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் அந்த மெட்லர் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உண்மையான மெட்லர் வேறு மரம், ரோஜாக் குடும்பம், ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் சொந்தம். குளிர் நாட்டு மரம் அது. பனிக்காலத்தில் இலை முழுவதும் கொட்டி, குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். பழம் பழுப்பு நிறத்தில், அடியில் வாய் திறந்த மாதிரி இருக்கும். மரத்திலிருந்து பறித்தவுடன் தின்ன முடியாது, அவ்வளவு துவர்ப்பு. வைக்கோலில் அடுக்கி இரண்டு மூன்று வாரம் விட்டு, உள்ளே நன்றாகக் கனிந்து குழைந்த பிறகுதான் கரண்டியில் அள்ளித் தின்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பரவலாக வளர்த்த மரம். இங்கே வந்த வெள்ளைக்காரர்களுக்கு மகிழம் பழத்தின் துவர்ப்பும் மாவு மாதிரியான சதையும் அதை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்றபடி இரண்டுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. மகிழம் சப்போட்டாக் குடும்பம். இலுப்பையும் பாலை மரமும் அதற்குப் பங்காளிகள். அதனால் யாராவது நிஜமான மெட்லர் கன்று என்று கொண்டுவந்து கொடுத்தால் நம் வெயிலில் வைத்து அதை வதைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகுகிற ஊரில் அது எங்கே தூங்கி எங்கே எழுவது?

நான் பிறந்தது கொடுமுடிப் பக்கம், கலிங்கராயன் வாய்க்கால் தண்ணி பாய்கிற ஊர். அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு வாசலில் ஒரு மகிழ மரம் இருந்தது, அப்பிச்சியின் (அம்மாவின் அப்பாவின்) அப்பா காலத்து மரம் என்பார்கள். இரண்டு பேர் கை கோத்தால்தான் அடிமரத்தைக் கட்டிப் பிடிக்க முடியும். விடுமுறைக்குப் போனால் எங்களுக்கு வெடியால எழுந்தவுடன் முதல் வேலை பூ பொறுக்குவதுதான். மகிழம்பூவை யாரும் பறிப்பது இல்லை, இரவில் மலர்ந்து விடியும்போது தானாக உதிர்ந்து கிடக்கும். அம்மாயி முந்தின நாள் பொழுதோடவே மரத்தடியைக் கூட்டிச் சாணி தெளித்து வைத்துவிடும், காலையில் பூவில் மண் ஒட்டக் கூடாது என்று. மரத்தைத் தொட்டு உலுக்கினால் திட்டு விழும். "அதுவா குடுக்குறத எடுத்துக்கோணும் கண்ணு, உலுக்குனா மொட்டும் சேந்து போயிரும்" என்று சொல்லும்.

அந்தப் பூவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, நட்சத்திரம் மாதிரி, வெள்ளையும் சந்தனமும் கலந்த நிறம். உதிரும்போது புல்லிவட்டத்தையும் சூலையும் மரத்திலேயே விட்டுவிட்டு இதழ்கள் மட்டும் ஒரு வளையமாகக் கழன்று விழும், அதனால் நடுவில் ஓட்டை இருக்கும். ஊசி வேண்டாம், முடிச்சு வேண்டாம், வாழை நாரை முறுக்கி அந்த ஓட்டையில் விட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். நாலு வயசுக் குழந்தை கூடக் கோக்கும். மல்லிகையைப் போல அன்றைக்கே வாடி வாசம் போய்விடுகிற பூவும் இல்லை. காய்ந்து பழுப்பாகிச் சருகாக ஆன பிறகும் மணக்கும். அம்மாயியின் தகரப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் காய்ந்த மகிழம்பூச் சரம் இருந்தது, பெட்டியைத் திறந்தால் ஒரு வாசம் வரும். அம்மாயி போய்ப் பதினைந்து வருசம் ஆகிவிட்டது, அந்த வாசம் எனக்கு இன்னும் அம்மாயியின் வாசம்தான்.

இப்போது பல பேருக்கு மகிழம்பூ என்றால் முறுக்குதான் தெரியும். தீபாவளிக்குச் சுடுகிற மகிழம்பூ முறுக்கு. பூவைப் பார்க்காமலே பேரைத் தின்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2011-இல் மாமா வீட்டை இடித்துக் கட்டுவதாக முடிவு செய்தார். மரம் நின்ற இடத்தில் புது வீட்டின் முன்பக்கம் வருகிறது, தை பிறந்ததும் மரத்தை எடுத்துவிடுவோம் என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை, அங்கே குடியிருக்கப் போவது அவர்கள்தானே. ஆவணி மாதம் போய் மரத்தடியில் விழுந்து கிடந்த பழத்தை ஒரு சின்னத் தூக்குப்போசி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அதுதான் ஆரம்பம்.

நான் வாக்கப்பட்டது அவினாசியை அடுத்த சேவூர்ப் பக்கம். வாய்க்கால் ஊரில் பிறந்தவளுக்கு இந்த ஊர் மண்ணைப் பார்த்து முதல் வருசம் அழுகையே வந்தது. மேலே ஒரு அடி செம்மண், கீழே வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல், கடப்பாறை போட்டால் நெருப்பு பறக்கும். போரில் ஆயிரம் அடிக்குக் கீழே வருகிற தண்ணி உப்பு. கிளுவை வேலி போட்ட கொறங்காடும் (மேய்ச்சல் காடு), அதில் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் செம்மறி ஆடும், இதுதான் இந்தச் சீமை. இங்கே மகிழம் வருமா என்று கேட்காத ஆள் இல்லை. வரும், வந்திருக்கிறது.

விதையைப் பற்றி முதலில். பழத்துக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு கொட்டைதான் இருக்கும், சப்போட்டாக் கொட்டை மாதிரி பழுப்பாகப் பளபளப்பாக, ஒரு முனையில் தழும்போடு. சதையைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் தேடி வரும். எடுத்து வைத்து அப்புறம் போடலாம் என்று டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது, நாளாக ஆக முளைப்பது குறைந்துகொண்டே போகும். நான் ஒரு ராத்திரி ஊற வைத்து மறுநாளே ஊன்றினேன். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய குப்பை ஒரு பங்கு கலந்து, நீளமான பையில் பைக்கு ஒன்றாக, ஒரு விரற்கடை ஆழத்தில் வைத்தேன். நீளப் பை என்று ஏன் சொல்கிறேன் என்றால் இதன் ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், குட்டைப் பையில் வைத்தால் அடியில் சுருண்டுகொள்ளும், சுருண்ட வேரோடு நட்ட மரம் கடைசி வரைக்கும் திணறும்.

இருபது விதை ஊன்றினேன். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. அத்தை தினமும் பையைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, மண்ணுக்கா தண்ணி ஊத்திட்டு இருக்கற?" என்று கேட்கும். நாற்பது நாள் கழித்து முதல் முளை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்றொன்றாக மொத்தம் பதினொன்று வந்தன. அதில் நாலை அணில் கடித்துப் போட்டது. மிச்சம் ஏழை மாமரத்து நிழலில் ஒரு வருசம் வைத்திருந்தேன். ஒரு வருசத்தில் ஒரு முழம் வளர்ந்தது, அவ்வளவுதான். அவசரப்படுகிறவர்களுக்கு இது மரம் இல்லை. வேப்பங்கன்று ஆளுயரம் போகிற காலத்தில் இது இடுப்பளவு வரும். கன்றாக வாங்கினால் இந்த ஒரு வருசத்தை மிச்சம் பிடிக்கலாம், ஆனால் பையைத் தூக்கி அடியில் வேர் வெளியே வந்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உயரமான கன்றை விட, தண்டு தடித்துப் புதுத் துளிர் வைத்திருக்கிற குட்டைக் கன்றுதான் நல்லது.

குழி எடுத்தது 2012 புரட்டாசியில், நட்டது ஐப்பசியில். எங்கள் பக்கம் மரம் வைக்க அதுதான் பருவம், வடகிழக்கு மழை பிடிக்கும் நேரம். ஆடியில் நட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கன்றைப் போட்டு அலைக்கழிக்கும், தூறல் விழுந்தாலும் அடுத்த நிமிசமே காய்ந்துவிடும். குழி மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இரண்டடி போதும், சுண்ணாம்புக்கல் இருக்கிற மண்ணில் அந்தக் கல் மட்டத்தை உடைத்து வேருக்கு வழி விட வேண்டும், அதனால்தான் மூன்று. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கடப்பாறை போட்டார். வந்த கல்லை எல்லாம் வெளியே கொட்டிவிட்டு, மேல்மண்ணோடு இரண்டு கூடை மட்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை மூடி, இரண்டு வாரம் அப்படியே ஆறப்போட்டோம். புண்ணாக்கு கரையானுக்காக. எங்கள் மண்ணில் கரையான் இளங்கன்றின் அடிப்பட்டையைச் சுற்றி மண் பூசித் தின்றுவிடும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் பல பேர் தப்பு செய்கிறார்கள். கன்றைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள், மரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மெதுவாக வளர்ந்தாலும் நாற்பது ஐம்பது அடி வரை போகும், குடை மாதிரி அடர்த்தியாக விரியும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் மேலே வைக்காதீர்கள், பிற்காலத்தில் அதைத் தோண்டும்போது வேரை வெட்டுவார்கள். எங்கள் மரத்துக்கே 2019-இல் அப்படி நடந்தது, குடிநீர்க் குழாய்க்காக வாசலில் இயந்திரம் வைத்துக் குழி பறித்தபோது கிழக்குப் பக்கத்து வேர் இரண்டைப் பிய்த்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்து, பிய்ந்த வேரைக் கத்தியால் நேராக அரிந்துவிட்டு, மஞ்சளும் சாணியும் குழைத்துப் பூசி மண்ணை மூடினேன். அந்த வருசம் கிழக்குப் பக்கம் துளிரே வரவில்லை.

சரி, தலைப்பில் சொன்ன விசயத்துக்கு வருகிறேன். மகிழ மரம் வறட்சியைத் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தாங்குவது வளர்ந்த மரம். வேர் கீழே போய்ச் சேரும் வரை அது குழந்தை. வைத்த மரம் செத்துப்போச்சு என்று என்னிடம் சொன்ன நாலைந்து பேரிடமும் கேட்டுப் பார்த்தேன், எல்லோருக்கும் போனது முதல் அல்லது இரண்டாவது கோடையில்தான், வறட்சி தாங்கும் மரமாச்சே என்று தண்ணியை நிறுத்தியிருக்கிறார்கள். மாசியிலிருந்து ஆனி வரைக்கும், மூன்று வருசம், விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் செய்தது இதுதான்: கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பழைய மண்பானையை, அடியில் ஊசித் துளை போட்டுத் துணித்திரி செருகி, கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை நிரப்புவது. தண்ணி மேலே பரவி ஆவியாகாமல் கீழேயே கசியும், வேரும் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். உப்புத் தண்ணியை ஊற்ற மனசில்லை, பஞ்சாயத்துக் குழாயில் வருகிற நல்ல தண்ணியில் காய்கறி கழுவியது, அரிசி களைந்தது எல்லாம் பானைக்குத்தான் போகும். சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டி, கடலைத் தோலையும் காய்ந்த இலையையும் நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பினேன். அடித்தண்டை ஒட்டி மட்டும் போடக் கூடாது, அங்கே ஈரம் தங்கிப் பட்டை அழுகும், கரையானுக்கும் அது படிக்கட்டு.

அப்புறம் ஆடு. வெள்ளாட்டுக்கு மகிழந்தழை அவ்வளவு பிடிக்கும். ஒரு வாய் கடித்தால் ஒரு வருச வளர்ச்சி போய்விடும். வேலாமுள்ளை வெட்டிச் சுற்றிலும் கட்டி வைத்தோம். ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் ஊன்றி, இறுக்காமல் எட்டு மாதிரிக் கயிறு போட்டுக் கட்டினோம். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தடிக்கும்.

இரண்டாவது வருசம் புதுத் துளிர் எல்லாம் மஞ்சளாக வந்தது. நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். நான் தண்ணி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், இன்னும் மஞ்சளானது. கடலைக் காட்டில் இதே மாதிரி பார்த்திருந்த மாமனார்தான் கண்டுபிடித்தார், இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதை வேர் எடுக்க விடாமல் பிடித்துவைக்கும். கடலைக்கு அடிக்கிற மாதிரியே ஒரு லிட்டர் தண்ணிக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) அரை எலுமிச்சம்பழச் சாறும் கலந்து, பொழுதோட வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்தோம். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. புதுத் துளிர் பச்சையாக வந்தது. அது முதலுதவிதான், நிரந்தர மருந்து வருசா வருசம் போடுகிற குப்பை. ஆடிக்கு முன்னால் இரண்டு கூடை, ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு கூடை, இலை விரிந்திருக்கிற வட்டத்தின் ஓரத்தில் லேசாகக் கொத்தி விட்டுப் போடுவது. யூரியா, காம்ப்ளக்ஸ் எதுவும் இதுவரை போட்டது இல்லை, தேவைப்படவும் இல்லை.

பூச்சி பெரிய தொல்லை இல்லை. பங்குனியில் சில வருசம் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வரும், அது கசியவிடும் இனிப்பில் கறுப்புப் பூசணம் படிந்து இலை கரி பூசின மாதிரி ஆகும். கறுப்பைத் துடைப்பதில் பிரயோசனம் இல்லை, பூச்சியை எடுக்க வேண்டும். எறும்பு ஏறுகிற பாதையை அடைத்துவிட்டு, தண்ணியை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து தெளிப்பேன்.

2016-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டோம். வடகிழக்கு மழை பொய்த்துவிட்டது. 2017 கோடையில் தென்னந்தோப்பு தோப்பாகத் தலை சாய்ந்து மொட்டையாக நின்றது, எங்கள் காட்டிலேயே இருபத்தெட்டுத் தென்னை போய்விட்டது. குடிக்கிற தண்ணியே லாரியில் வந்தபோது மரத்துக்கு எங்கே ஊற்றுவது. அப்போது மகிழத்துக்கு நட்டு நாலரை வருசம். ஒரு சொட்டு ஊற்றவில்லை. புதுத் துளிர் விடவில்லை, கீழ் இலை கொஞ்சம் கொட்டியது, மற்றபடி கரும்பச்சையாக அப்படியே நின்றது. அந்த மூன்று கோடை பானையில் ஊற்றினதுதான் அன்றைக்கு மரத்தைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் ஓடத் தொடங்கி, வறண்டே பார்த்த குட்டைகளில் பவானித் தண்ணி வந்து நின்றபோது என் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். அந்தத் தண்ணி கேட்டு எத்தனை பேர் எத்தனை வருசம் போராடினார்கள். இப்போது இங்கே மரம் வைக்கிறவர்களுக்கு நாங்கள் பட்ட கஷ்டம் இருக்காது.

முதல் பூ 2020 மாசியில். நட்டு ஏழு வருசம் தாண்டி. ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனேன், வாளியைத் தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. தரையில் எண்ணி ஒன்பது பூ. பொறுக்கிக் கையில் வைத்து மோந்தேன், தகரப் பெட்டி வாசம். வீட்டுக்குள் ஓடி எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை என் தலையில் செருகிவிட்டது. அடுத்த மாதம் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மரம் முழுசாகப் பூத்தது. வீதியில் ஒரு வண்டி இல்லை, ஊர் அமைதியாக இருந்தது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசம் மூன்று வீடு தாண்டிப் போகும். பக்கத்து வீட்டு ஆயா, "எந்தச் சாமியோ இந்த வீதியில நடக்குதாட்டம் இருக்குது" என்று கும்பிட்டது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்கிற தொண்ணூற்றொன்பது பூக்களில் வகுளம் என்று வருவது இதுதான். நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று பேர் வந்தது அவர் அணிந்த மகிழ மாலையால். திருவொற்றியூரிலும் திருவண்ணாமலையிலும் தல மரமே மகிழம்தான். ஒற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது இந்த மரத்தடியில். நம் கொங்கில் கொடுமுடிக்கு வன்னி, பவானிக்கு இலந்தை, பேரூருக்குப் பிறவாப்புளியும் இறவாப்பனையும் என்று ஒவ்வொரு கோயிலும் ஒரு மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மகிழத்தை வீடுகள்தான் காப்பாற்ற வேண்டும்.

பழம் வைகாசிக்கு மேல் பழுக்க ஆரம்பிக்கும். பச்சையாக இருந்து மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்கு வரும், பெருவிரல் முனை அளவு. மரத்தில் இருக்கும்போது பறித்துத் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் தின்ன வேண்டும், மாவு மாவாக, பேரீச்சையும் பனங்கிழங்கும் கலந்த மாதிரி ஒரு ருசி. என் பையனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடிக்கும். குயிலுக்கும் குக்குறுவானுக்கும் மைனாவுக்கும் ரொம்பவே பிடிக்கும், ராத்திரி வௌவால் வரும். அவர்களுக்குப் போக மிச்சம்தான் நமக்கு. கொட்டையின் ஒரு முனையைக் கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் பருப்பைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஊதினால் சீட்டி மாதிரி சத்தம் வரும். அதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவன் வகுப்புக்கே செய்து கொடுத்துவிட்டான்.

கிளை வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மரத்துக்கு அழகே அதன் குடைதான், அது யாரும் கத்தரிக்காமல் தானாக வருவது. முதல் ஐந்து வருசம் ஒரு கிளையையும் தொடாதீர்கள். அடிக்கிளை இருந்தால்தான் அடிமரம் தடிக்கும், இளம் பட்டையில் வெயிலும் நேராக விழாது. அப்புறம் ஆள் நடமாட்டத்துக்கு இடைஞ்சலாக இருப்பதை மட்டும், தலை இடிக்காத உயரம் வரை, வருசத்துக்கு ஒன்றிரண்டாக, பழம் ஓய்ந்த பிறகு எடுங்கள். வெட்டின இடத்தில் பால் வடியும், பயப்பட வேண்டாம்.

பட்டையையும் உரிக்காதீர்கள். மகிழம் பட்டை ஈறுக்கு நல்லது என்பது நம் வைத்தியத்தில் உள்ளதுதான், அம்மாயி பட்டையைக் கொதிக்க வைத்து வாய் கொப்புளிக்கும். ஆனால் அம்மாயி எடுத்தது காற்றில் ஒடிந்து விழுந்த கிளையிலிருந்து. ஒரு நாள் யாரோ வழியில் போகிறவர் எங்கள் மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கிக்கொண்டு போய்விட்டார், ஆறு வருசமாக அந்தக் காயத்தை மரம் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது, இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி. சுற்றிலும் உரித்திருந்தால் மரமே போயிருக்கும். கேட்டிருந்தால் விழுந்த கிளையைத் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

இப்போது மரம் இருபது அடி இருக்கும். கட்டிலை அதன் அடியில்தான் போடுகிறோம், சித்திரை மத்தியானத்தில் கூட அங்கே உட்கார முடியும், இலை அவ்வளவு அடர்த்தி. போன வருசம் மாமாவின் பேத்திக்குக் காது குத்து. ஒரு கன்றை எடுத்துக்கொண்டு போனேன், அம்மாயி மரத்தின் பேரக்கன்று. புது வீட்டுக்கு வடபுறம், சுவரிலிருந்து பதினைந்து அடி அளந்து, மாமாவே குழி எடுத்தார். "இங்கெல்லாம் பானை வேண்டாம் கண்ணு, வாய்க்கா ஈரமே போதும்" என்றார். இருந்தாலும் புதைத்துவிட்டுத்தான் வந்தேன். வாரத்துக்கு ஒரு முறை போன் பண்ணிப் பானையில் தண்ணி இருக்கிறதா என்று கேட்கிறேன். இன்னும் இரண்டு கோடை பாக்கி.